பொய்க் குமிழிகள்

நாளை கணவாய் திறக்கிறது.
போவெட்ஸில் எல்லோர் வண்டியும் வெளியே.
ஸ்தென்காவின் முன் பிரேக் மட்டும்
பஞ்சாய் அமுங்குகிறது.

கடையில் மலிவான பம்பை விட்டுவிட்டு
முள் வைத்ததை வாங்கியிருந்தாள்.
"பொய் சொன்னால் முகத்தில் தெரியணும்."

கைப்பிடியை அழுத்த அழுத்த
குழாயில் தேயிலை நிறத் திரவம்,
பிறகு குமிழி,
குமிழி,
குமிழி.
மேல்தொட்டி வற்றாமல் நான் ஊற்றினேன்.
ஒரு புட்டி காலி.
"விற்றுவிடு" என்றேன்.
அண்டைவீட்டான் வேறென்ன சொல்வான்.

அவள் முள்ளையே பார்த்தாள்.
இறங்கிக்கொண்டிருந்தது.
திருகைக் கழற்றி
மரையில் வெள்ளை டேப் சுற்றினாள்.
காற்று பிரேக்குக்குள் இல்லை;
மரை வழியே
இந்த ஊரையே உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

லீவர் இப்போது கல்.
பெட்ரோல் டேங்கில் ஒரு சொட்டு
பச்சைப் பெயிண்டைத் தின்றிருக்கிறது.
சிந்தியவன் நான்.
இன்னும் சொல்லவில்லை.