மூன்றாம் மாடி உவரிக்குப் போனது

மே மாதத் தள்ளுபடி முடிந்த மறுநாள்
கடை திறந்திருந்தது.
மூன்றாம் மாடிக்கு மட்டும் விடுமுறை.
பட்டு, பட்டுக் கலப்பு, மாப்பிள்ளை வேட்டி:
பதினேழு பெண்கள், ஒரு சூப்பர்வைசர்,
ஒரு வாளி புளியோதரை,
இன்னொரு வாளியில் அவித்த முட்டை.

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும்
மாரிச்செல்வி வாந்தி எடுத்தாள்.
இட்டமொழியில் பதநீர் குடித்துச் சரியானாள்.
பட்டையில் நுங்கை வழித்துப் போட்டவர்
“எந்த ஊர்லம்மா கல்யாணம்?” என்று கேட்டார்.
குனிந்து பார்த்தோம்.
பதினேழு பேரும்
போன தீபாவளிக்குக் கடை கொடுத்த
அதே வாடாமல்லிச் சேலை.

கப்பல் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற
ஜெனிட்டா ஓடினாள்.
ரஹ்மத் நிஷா செருப்புகளுக்குக் காவல்.
பிறகு
கடல்.

அதை வைத்து என்ன செய்வதென்று
முதலில் தெரியவில்லை.
வரிசையாக நின்றோம்,
கையை முன்னால் கோத்து,
முதலாளி மாடி ஏறி வரும்போது நிற்பது மாதிரி.

பிரமநாயகம் அண்ணாச்சி
பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார்.
ஆறு வருஷமாகப் பார்க்காத கால்.
வெள்ளைப் பூண்டு மாதிரி இருந்தது.
யாரோ சிரிக்க, எல்லோரும் சிரிக்க,
அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:
“ஏட்டி, இருங்களேன். எதுக்கு நிக்கிய?”

இருங்களேன்.
காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரைவரை
அந்தச் சொல்லை
வாடிக்கையாளருக்கு மட்டும்தான் சொல்வார்.
சட்டம் வந்த வருஷம் எங்களுக்கும் நாலு ஸ்டூல் வந்தது.
நாலிலும் இப்போது
ஜாக்கெட் பிட் அட்டைப்பெட்டி.

பேச்சியம்மாள்தான் முதலில் இருந்தாள்,
ஈர மணலில், தொப்பென்று.
“சேல நனையுமேட்டி.”
“நனையட்டும். கடைச் சேலதானே.”

அலை மடிவரை ஏறி வந்தது.
குதிகால் வெடிப்பில் உப்பு சுரீரென்றது.
சண்முகவடிவு சேலையைக் கொஞ்சம் தூக்கினாள்:
கெண்டைக்காலில் பச்சை நரம்பு
முடிச்சு முடிச்சாக.
இருபத்தாறு வயது அவளுக்கு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவரவர் காலைப் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் ஜெனிட்டாதான் ஆரம்பித்தாள்:
“இது என்ன கலருட்டி?”
“மயில்கழுத்து.”
“போட்டீ, ராமர் பச்சை.
அந்தா வள்ளம் நிக்கிற இடத்துலதான் மயில்கழுத்து.
அதுக்கு அங்கிட்டு ஆனந்தா நீலம்.”
“பார்டர்?”
“வெள்ளி ஜரிகை. அசல் இல்ல. பாரு, நிக்க மாட்டேங்கு.”

கடல் எடுத்து எடுத்து விரித்தது.
நாங்கள் காலை நீட்டிக்கொண்டு
“வேற காட்டுங்க” என்றோம்.
“இதுலயே கொஞ்சம் டார்க்கா?”
“உடம்பு பிளெய்னா, முந்தி மட்டும் கிராண்டா?”
ரஹ்மத் நிஷா கழுத்தைச் சாய்த்து
“போன வாரம் ஒண்ணு காட்டினீங்களே, அது எங்க?” என்றபோது
முட்டை தின்றுகொண்டிருந்த அண்ணாச்சிக்குப் புரையேறியது.

விரித்ததையெல்லாம்
அதுவே மடித்தது.
முகம் சுளிக்கவில்லை.
நேரம் பார்க்கவில்லை.
வெயில் மேற்கே சாய்ந்து பனைகளுக்குப் பின்னால் போகும்வரை
ஒரே ஆளாக நின்று காட்டியது.

நாலரைக்கு வேன்காரர் ஹார்ன் அடித்தார்.
எழுந்தோம். பின்பக்கம் முழுக்க மணல்.
“வீட்ல கேட்டுட்டு வாறோம்” என்றாள் மாரிச்செல்வி,
கடலைப் பார்த்து,
கொஞ்சம் வெட்கத்தோடு.
அவளுடைய வலதுகால் செருப்பு போய்விட்டிருந்தது.
திசையன்விளையில் வேன் நின்றது.
அண்ணாச்சி இறங்கிப் போய்
ஒரு ஜோடி வாங்கி வந்தார். அளவு பெரியது.

மறுநாள் காலை
ஒரு ஸ்டூலில் அட்டைப்பெட்டி இல்லை.
யாரும் கேட்கவில்லை.
பதினொன்றரை வாக்கில், கூட்டம் இல்லாத நேரம்,
சண்முகவடிவு போய் இருந்தாள்.
அண்ணாச்சி சன்னல் பக்கம் திரும்பி
எண்ணிய பில்லையே திரும்ப எண்ணினார்.

லிஃப்ட் திறந்தது.
டவுனிலிருந்து ஒரு குடும்பம், ஏழு பேர்.
“மயில்கழுத்துல காட்டுங்க.”
நான் எடுத்து விரித்தேன்.
என் மணிக்கட்டு வளையலிலிருந்து
நாலைந்து மணல்
உதிர்ந்தது பட்டின்மேல்.
அந்தம்மா அதை ஊதித் தள்ளிவிட்டு
வேறு கேட்டார்.