இடப்பக்கத் தலையணை

"படுக்கைக்கு வெயில் வருமா?"
ஒஸ்லோவிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.
பங்சார் சவுத், பதினேழாம் மாடி, இரவு மூன்றரை.
திரையில் அந்த வில்லா:
கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடு,
கண்ணாடித் தரை, அடியில் மீன்கள்.
நான் போனதில்லை.
"வரும் சார். ஆறு நாற்பதுக்கு,
முதலில் இடப்பக்கத் தலையணையில்" என்றேன்.
எப்படித்தான் வாயில் வந்ததோ.

அன்றிலிருந்து அந்தத் தலையணை என்னுடையது.
விடிகாலை எல்ஆர்டியில்
மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி மாறும்வரை
அதில்தான் தலைசாய்க்கிறேன்.

நேற்று இன்னும் உள்ளே போய்விட்டேன்.
துணி காயப்போடக் கொடி தேடினேன்.
நீச்சல்குளத்தில் இரண்டு வாளி மொண்டு
குளியலறையில் மூடி வைத்தேன்,
எதற்கும் இருக்கட்டுமென்று.
செந்தூல் ஃபிளாட்டில் மூன்று நாளாய்
குழாயைத் திறந்தால் காற்றுதான்.
லோகேந்திரன் சிரித்தான்:
"அங்க போயுமா தண்ணி பிடிக்கிற?"

இன்று பெரியவரின் மின்னஞ்சல்.
ஐந்து நாளும் அடைமழையாம்.
புகார் ஏதுமில்லை.
கடைசியில் ஒரு வரி:
"நீங்கள் சொன்ன தலையணையை
காலியாகவே வைத்திருந்தேன்."