தூரம், இரண்டாம் நாள்

படிவத்தில் நான்காம் கேள்வி:
கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி.
அம்மா அதைத் தூரம் என்பாள்.
எவ்வளவு தூரம், எதிலிருந்து தூரம் என்று
சாட்ஸ்வர்த்தில் யாரும் கேட்டதில்லை.

லிண்டிவே குழாயை நீட்டித் துப்பச் சொல்கிறாள்.
இருபது வருடம் பிறர் எச்சில் துடைத்த நர்ஸ் நான்,
என் எச்சில் வரவில்லை.
எலுமிச்சையை நினையுங்கள், சிஸ்டர்.
நினைத்தேன். வந்தது.

மணிக்கட்டில் கம்பி.
திரையில் நீலக் கட்டம் வந்தால் சுரீர்,
மஞ்சளுக்கு ஒன்றுமில்லை.
ஆறாவது நீலத்துக்குள் உள்ளங்கை வியர்க்கப் பழகிவிட்டது,
எனக்குப் புரிவதற்கு முன்பே.
மறுநாள் வெறும் நீலம். சுரீர் இல்லை.
இருபது முறை இல்லை. முப்பது முறை இல்லை.
உள்ளங்கை நம்பவில்லை.

ஹிக்கின்சன் நெடுஞ்சாலை ரோபோவில்
சிவப்புக்கு நின்றிருந்தோம், நானும் மோகாம்பரியும்,
நைட் டியூட்டி முடிந்து.
துப்பாக்கி கண்ணாடியைத் தட்டியது,
பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்ததுபோல மெதுவாக.
அவன் வாயில் அன்னாசி சூயிங்கம் வாசனை.
நாற்பது நொடி. வண்டி போயிற்று,
என் டிபன் டப்பாவோடு,
அவளுடைய இடது செருப்போடு.

அடுத்த வாரமே அவள் அதைக் கதையாக்கிவிட்டாள்.
செருப்பு வரும் இடத்தில் வார்டே சிரிக்கும்.
நான் இன்றும் ஆளில்லாத ரோட்டில்
சிவப்பில் நிற்காமல் ஓட்டுகிறேன்.
அண்ணன் மகன் அன்னாசி நறுக்கினால்
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்காருகிறேன்.

அன்று உங்களுக்கு எத்தனையாம் நாள்?
இரண்டு. பேட் மாற்ற நேரமில்லாத டியூட்டி,
அதனால் ஞாபகம்.
ஈஸ்ட்ரோஜன் தரைதட்டிய நாள் என்கிறாள்,
கார்ட்டிசோல் மேலே ஏறியிருக்கும்.
அப்போது பதிகிற பயம் அழிய மறுக்கலாம்.
அழிய மறுக்கலாம்.
அந்த 'லாம்' என்னை எவ்வளவு ஆற்றியது என்று
அவளுக்குத் தெரியாது.
கோழை என்று பெயர் வாங்கிய ஒன்றரை வருடத்துக்கு
என் ரத்தத்தில் ஒரு சாட்சி.

பார்க்கிங்கிலிருந்தே போன் போட்டேன்.
மோகா, அன்றைக்கு உனக்கு எத்தனையாம் நாள்?
எனக்கா? அது நின்று மூன்று வருஷம் ஆச்சுடி!
சிரித்தாள்.
என் சாட்சி அந்தச் சிரிப்பில் பாதி கரைந்தது.
போனை வைக்கப் போனேன்.

இரு, என்றாள். குரல் இறங்கியிருந்தது.
யாரிடமும் சொல்லாதே.
அதற்கப்புறம் நான்
வார் இல்லாத செருப்பு போட்டதே இல்லை.
படுக்கும்போதும் கட்டிக்கொண்டுதான்.