முகதாட்சண்யம்

மெத்தடிஸ்ட் ஆலயக் கூடத்தை ஏழு மணிக்குத் திறந்தோம்.
ஹல் நகரம், மீன் துறைமுகத்துப் பக்கம்.
மே மாத வியாழன். மழை.
வாக்குப் பெட்டி, கயிறு கட்டிய பென்சில்கள்,
நகரசபை புதிதாக அனுப்பியிருந்த
கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடி.
முகத்திரை அணிந்த பெண்கள் வந்தால்
தட்டிக்குப் பின்னால் விலக்கிக் காட்டிவிட்டு
மறுபடி சரிசெய்துகொள்ள.

சாவடித் தலைவர் வில்ஃப் ஆக்கிள்டன்.
இந்தச் சட்டம் அவருக்குப் பிடிக்கும். காரணம் உண்டு.
இருபத்தைந்து வயதில், வேறோர் ஊரில்,
வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு ஓடிப்போனாராம்.
பெயர் மேல் ஏற்கெனவே கோடு.
யாரோ அவராக வந்து அவராகவே போயிருந்தார்கள்.
வேறு நிறத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள்,
எண்ணிக்கையில் சேராத சீட்டு.
"வீடு திரும்பும்வரை எனக்கே என் மேல் ஐயம்"
என்பார், தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே.
எத்தனை பேருக்கு அப்படி நடந்திருக்கும் வில்ஃப்?
"ஒருத்தனுக்கு. எனக்கு."
அதற்கு மேல் அவரோடு நான் வாதாடியதில்லை.

பத்து மணிக்கு ஒரு மாணவி.
பல்கலைக்கழக அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.
செல்லாது என்றேன்.
பின்னால் நின்றவர் முதியோர் பேருந்து அட்டையை நீட்டினார்.
செல்லும்.
ஏன் என்றாள்.
பட்டியலைத் திருப்பிக் காட்டினேன்.
அதில் ஏன் என்றொரு பத்தி இல்லை.
மூன்று மணிக்குக் கடவுச்சீட்டோடு வந்தாள்,
நனைந்து, சிரிக்காமல்.

லோர்னா பிக்கர்ஸ்கில்.
எட்டு வருஷத்துக்கு முந்தைய படம், தோள்வரை செம்பட்டை முடி.
இப்போது புருவம்கூட இல்லை.
படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்,
மறுபடி படத்தை.
"அந்தக் கண்ணாடியை இப்படிக் கொடு."
தலைத்துணியை அவிழ்த்தார்.
ஒரு கையில் அவர், இன்னொரு கையில் அவர்.
வரிசை பொறுமையாக நின்றது.
"சரி. நான்தான்னு வச்சுக்கலாம்."
அன்று முழுக்க வேறு யாரும்
கண்ணாடி கேட்கவில்லை.

ஆறரைக்கு நெவில் ஸ்கெல்ட்டன்.
எதிர்வீடு. முப்பத்தோரு வருஷம்.
அவர் மனைவியின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறேன்.
என் கூரை ஒழுகினால் அவர் ஏணிதான் வரும்.
கார் ஓட்டியதில்லை.
மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்துவரை போனவர்
கடவுச்சீட்டு எடுத்ததில்லை.
நடக்கப் பிடிக்குமென்று பேருந்து அட்டையும் வாங்கவில்லை.
மின்கட்டணச் சீட்டை மேசையில் விரித்து நீவினார்.

பெயர் கேட்க வேண்டும், கேட்டேன்.
முகவரி கேட்டேன்,
என் சன்னலிலிருந்து தெரிகிற முகவரி.
புகைப்பட அட்டை கேட்டேன்.
"ஜேனிஸ்" என்றார். அவ்வளவுதான்.
வில்ஃப் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.
முகத்தைப் பார், முகதாட்சண்யம் பார்க்காதே.
பயிற்சியில் சொன்னதன் சாரம் அதுதான்,
தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஒருவருக்குத் தளர்த்தினால்
எதிர்வீடாக இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?
சீட்டை நாலாக மடித்தார்.
தொப்பியை எடுத்தார்.
கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பத்துக்குப் பெட்டிக்கு முத்திரை. படிவத்தில் எழுதினேன்:
திருப்பி அனுப்பியவர்கள் பதினொன்று,
திரும்பி வந்தவர்கள் ஏழு.
வாசல் அறிவிப்பைப் படித்துவிட்டு
உள்ளே வராமலே குடை விரித்தவர்களுக்குக் கட்டம் இல்லை.
சன்னல் வழியே அவர்களின் முதுகைத்தான் பார்த்தேன்.

வீடு சேரப் பதினொன்றரை.
வியாழன் இரவு குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்க வேண்டும்,
மறந்தே போயிருந்தேன்.
என் தொட்டி வெளியே நின்றது,
எல்லா வியாழனும்போல,
கைப்பிடி என் வீட்டைப் பார்த்து.
எதிரே விளக்கு அணைந்திருந்தது.