ஊதக் கூடாத ஆறு வாரம்

ஃபீனிக்ஸ் உலையில் பதினெட்டு வருடம்.
உடைந்த பீர் புட்டிகளை உருக்கி
குழாய் நுனியில் சுற்றி எடுத்து
டோடோ வயிறுகள் ஊதினவன் நான்.
குமிழ் எங்கே கோணும் என்று
கண்ணுக்கு முன் கன்னம் சொல்லிவிடும்.

அந்தக் கன்னத்துக்குள்தான்
நான் ஊதாத ஒன்று வளர்ந்திருக்கிறது.

குனிந்தால் மேல்வரிசைப் பல்லெல்லாம் கனத்தது.
மூக்கின் ஒரு பக்கம் மட்டும் ஒழுகியது.
சளி என்றார்கள். இருக்கும்,
கியூர்பிப்பில் மழை எப்போதுதான் விட்டது?
யாருக்கும் வராத நாற்றம் எனக்கு வந்தது.
பூனை செத்திருக்கும் என்று
உலைக்கூடத்தின் பின்புறம் முழுக்கத் தேடினேன்;
கிளிஃபோரும் கூடவே தேடினான், பாவம்.

காண்டோஸ் ஆஸ்பத்திரித் திரையில்
கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல்.
டாக்டர் ஆர்மூகம் பேனா முனையால் காட்டினார்:
"இந்தக் கடைவாய்ப்பல் செத்து நாளாகிறது.
வேரில் பிடித்த நீர்க்கட்டி மேலே ஏறி
காற்றறையை நிரப்பிவிட்டது.
கண்ணுக்குக் கீழே எலும்பு
முட்டை ஓடு கனம்தான் மிச்சம்."
மெல்லிய சுவர், உள்ளே அழுத்தம்.
எனக்குத் தெரிந்த தொழில்தான், டாக்டர்.

உதட்டை மடக்கி, ஈறைக் கீறி,
எலும்பில் ஜன்னல் வெட்டி
பையை முழுசாக உரித்தெடுத்தார்கள்.
பல்லும் போனது.
பல் போனால் சொல் போகும் என்பார்கள்;
எனக்குப் போனது மூச்சு.
"ஆறு வாரம் மூக்கைச் சிந்தாதே.
தும்மினால் வாயைத் திற.
ஊதவே ஊதாதே."

பதினோராம் நாள், யாரும் பார்க்காமல்
ஒரு ஸ்ட்ராவை ஊதிப் பார்த்தேன்.
சும்மா, இருக்கிறதா என்று.

மறுநாள் குடித்த வனிலா தேநீர்
மூக்கு வழியே சட்டையில் வந்தது.
தெய்வானை சிரித்தாள், பிறகு அழுதாள்,
பிறகு சட்டையை வாங்கி ஊறவைத்தாள்.

வாய்க்கும் காற்றறைக்கும் நடுவே வழி விழுந்துவிட்டதாம்.
மறுபடி மேஜை, மறுபடி மயக்கம்.
கன்னத்துக்குள்ளிருந்தே
மஞ்சள் கொழுப்பை இழுத்து
ஓட்டையை மூடித் தைத்தார்கள்.
"உனக்குக் கொழுப்பு" என்று
பள்ளியில் முசியே சோபேனிடம்
வாரம் தவறாமல் அடி வாங்கியவன் நான்.
இப்போது முத்திரை குத்தி
எழுத்திலேயே தந்துவிட்டார்கள்.

இது நான்காவது வாரம்.
மேலுதடு இன்னும் என்னுடையதாகவில்லை.
உலைக்கு எதிரே உட்கார்ந்து
குழாயைச் சுழற்ற மட்டும் சுழற்றுகிறேன்.
மறுநுனியில் கிளிஃபோர் ஊதுகிறான்.
"மெல்ல. இடது பக்கம் கனக்கிறது."
எப்படித் தெரியும் என்கிறான்.
எனக்கும் தெரியவில்லை.

ஆறினபின் பார்த்தால், டோடோவின் வயிற்றுச் சுவருக்குள்
கடுகளவு குமிழ் ஒன்று மாட்டியிருந்தது.
இரண்டாம் தரப் பெட்டியில் போடப் போனான்.

கொடு, என்றேன்.