ஊதாக் கொடி

நான்கு ஓட்டில் ஜெயித்தேன்.
இரண்டு முறை எண்ணினார்கள்.
மூன்றாம் முறை கேட்க உனக்கு உரிமை உண்டு என்றார்கள் தெமுலேனிடம்.
வேண்டாம் என்று அவன் தோளைக் குலுக்கியதில்
என் வெற்றி கொஞ்சம் இளைத்துப்போனது.

மாணவர் தலைவிக்கு ஒரு பித்தளை வில்லை உண்டு.
புதன்கிழமைக் கூட்டத்தில் முதல்வருக்கு எதிர் நாற்காலி உண்டு.
கொடி அலமாரியின் சாவியும் உண்டு,
அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உணவுக்கூடத் தூணில் இன்னும் ஒட்டியிருந்தது என் சுவரொட்டி:
'எல்லா இடைவேளையும் வெளியே!'
செப்டம்பரில் எழுதியது.
செப்டம்பரில் உலான் பத்தூரில்
யாரும் யாருக்கும் என்ன வாக்கும் கொடுக்கலாம்.

நவம்பரில் நிலக்கரி பேச ஆரம்பித்தது.
காலை ஏழரைக்குக் காற்றுமானியைப் பார்ப்பேன்.
பச்சை என்றால் பந்து.
மஞ்சள் என்றால் முகமூடி போட்ட பந்து.
சிவப்புக்குப் பெரிய வகுப்புகள் மட்டும்.
ஊதா என்றால் வெளியே ஒருவரும் இல்லை.

பதினேழு நாள் தொடர்ந்து ஊதா ஏற்றினேன்.
கயிறு உறைந்து கம்பியாகியிருக்கும்.
கையுறையைக் கழற்றினால்தான் முடிச்சு அவிழும்;
கழற்றினால் விரல்கள் வேறு யாருடையவோ.
கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்பு
மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும்,
இருபத்திரண்டு ஆவி வட்டங்கள்.
கொரியக் குழந்தை ஹா-யுல்
தன் வட்டத்தில் ஓர் அழுமூஞ்சி வரைந்து
என்னைச் சுட்டிக்காட்டினாள்.

'நானாயிருந்தால் மஞ்சள் ஏற்றுவேன்,' என்றான் தெமுலேன்,
கயிற்றின் மறுநுனியைப் பிடித்தபடி.
மானியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
'ஏற்றமாட்டாய்.'
'ஏற்றமாட்டேன்தான். ஏற்றுவேன் என்று சொல்லியிருந்தால்
ஜெயித்திருப்பேன்.'
'அதைத்தானே நான் செய்தேன்.'
சிரித்தோம்.
அந்தக் காற்றில் சிரிப்பு இருமலாகத்தான் முடியும்.

பதினெட்டாம் நாள்தான் கண்ணில் பட்டது.
கொடி ஏறியதும் நாங்கள் உள்ளே ஓட,
வாசலில் பியம்பாசுரேன் நின்றார்.
பேருந்துகளுக்குக் கை காட்டிக்கொண்டு,
புருவத்தில் உறைபனி பூத்து,
என் கொடிக்கு நேர் கீழே.

'ஒருவரும் இல்லை' என்ற கணக்கில்
அவரை நான் சேர்க்கவேயில்லை.

புதன்கிழமை. பொருள்நிரலில் ஏழாவது
குளிர்கால நடனத்துக்கு நுழைவுச்சீட்டு விலை: நாற்பது நிமிடம்.
எட்டாவது, காவலருக்கு வடிகட்டி வைத்த கூண்டு: ஆறு நிமிடம்.
முதல்வர் ஹோல்ம்கிரென் பேனாவை மூடினார்.
உனக்கு நல்ல மனசு, என்றார்.
நல்ல மனசு கூட்டக் குறிப்பில் ஏறியது.
கூண்டு ஏறவில்லை.

நடனப் பணத்தில் பாதியை எடுப்போம் என்றவன் தெமுலேன்.
எடுத்தோம். பன்னிரண்டாம் வகுப்பு
மூன்று நாள் எங்களோடு பேசவில்லை.
பிறகு இசைக்குழு இல்லாமல்
யாருடைய அலைபேசிக்கோ ஆடித் தீர்த்தார்கள்.
கூண்டுக்கு அந்தப் பணம் காணாது.
நான்கு பெட்டி முகமூடி வாங்க முடிந்தது.

பியம்பாசுரேன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.
ஒன்றைப் பிரித்துப் பார்த்து, மடித்து,
அங்கியின் மார்பு மடிப்பில் செருகினார்.
வடக்குச் சரிவைக் காட்டினார்,
கெர் கூடாரங்கள் புகைக்குள் முங்கிக் கிடந்த பக்கம்.
'இதில் ஒரு பிடி என் வீட்டு அடுப்பு, மகளே.
நேற்று ராத்திரி குழந்தைக்குக் குளிர் தாங்கவில்லை.
கூட ஒரு மூட்டை போட்டேன்.'
சொல்லிவிட்டு ஒன்பதாம் எண் பேருந்துக்கு வழிவிட்டார்.

என்னிடம் பதில் இல்லை.
வில்லையை மட்டும் ஏனோ
மேலங்கிக்குள் திருப்பிக் குத்திக்கொண்டேன்.

மதியம் தூணருகே போய்ச் சுவரொட்டியைப் பிடித்து இழுத்தேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
அடுத்த புதனுக்கு எழுதினேன்:
ஒன்று, கூண்டு.
இரண்டு, புகை.
இரண்டுக்குக் கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல்
நின்றிருந்தபோது மணி அடித்தது.

பசை விடாத ஒரு மூலை
தூணிலேயே தங்கிவிட்டது,
'வெளியே!' என்ற சொல்லோடு.