இரண்டாவது குழாய்

எல் ஆல்ட்டோவில் தண்ணீர்
எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
நாலாயிரம் மீட்டர் உயரம். மெலிந்த காற்று.
உருளைக்கிழங்கு வேக நேரமாகும்,
மனிதர்களுக்குப் பொறுமை போக நேரமாகாது.

தெயோஃபிலோ சம்பி தன் மினிபஸ்ஸை
மைத்துனன் லாரியில் கயிறு கட்டி
இழுத்துக்கொண்டு வந்தான், விடியுமுன்னே.
"தலையைக் கழற்றணுமாம், ரெமேதியோஸ்.
கேஸ்கட் போயிடுச்சாம்.
ரெண்டு பட்டறையிலும் அதையேதான் சொல்றாங்க."
அவர்கள் கேட்ட தொகையைச் சொல்லும்போது
அவன் குரல்
லா பாஸ் சரிவில் இறங்கும் வண்டி மாதிரி
பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கியது.

நான் பானெட்டைத் தூக்கினேன்.
வெப்பம் மறைக்கும் தகட்டைக் கழற்றி
தரையில் சாய்த்து வைத்தேன்.
பளபளப்பு பொய் சொல்லும்.
எதிரே நிற்பவரின் சூட்டைக் கடன் வாங்கித்
தன்னுடையதென்று காட்டும்.
கருவி புதிதாக வந்த நாட்களில்
ஒரு முழு மாலை
என் முகத்தையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்,
ரேடியேட்டர் மூடி என்று நினைத்து.

துரு அப்படியில்லை.
துருவிடம் ஒளிக்க எதுவும் இல்லை.

அதற்கு முன்பு ஒன்று வைத்திருந்தேன்,
தொற்றுக் காலத்தில் சந்தை வாசலில்
நெற்றி நெற்றியாய் நீட்டிய வெள்ளைத் துப்பாக்கி.
பாதி விலைக்குக் கிடைத்தது.
நாற்பத்திரண்டுக்கு மேல்
அதற்கு எல்லாமே ஒரே காய்ச்சல்தான்.
இப்போது குழந்தைகள் அதைக் காட்டி
கோழியை மிரட்டுகிறார்கள்.

"சாவியைத் திருப்பு."

இன்ஜின் எழுந்தது.
எழுந்ததா, நடுங்கியதா,
கொட்டகைத் தகரமெல்லாம் கூடவே ஆடியது.
கிட்டே போனேன்.
தூர நின்று கேட்டால்
பக்கத்து வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லும் கருவி இது.
சிவப்புப் புள்ளி எதையும் பார்ப்பதில்லை,
விரல் நீட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

முதல் குழாய் நூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாவது நூற்றொன்பது.
நான்காவது நூற்றுப் பதினைந்து, ஏறிக்கொண்டிருந்தது.
இரண்டாவது
முப்பத்தெட்டு.

மறுபடி நீட்டினேன். முப்பத்தொன்பது.
மூன்று பேர் வேலை செய்யும் வீட்டில்
ஒருவர் போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

தெயோஃபிலோ என் தோளுக்கு மேலே எட்டி
எண்ணைப் படித்தான்.
"சூடு கம்மின்னா நல்லதுதானே?"
எல்லாரும் இன்ஜினில் சூட்டைத்தான் தேடுகிறார்கள்.
குற்றம் பலமுறை
குளிர்ந்து போய் உட்கார்ந்திருக்கும்.

சாவியை அணைத்தேன்.
இரண்டாவதின் காயிலைப் பிடுங்கி மூன்றாவதில் செருகினேன்,
மூன்றாவதினுடையதை இரண்டாவதில்.
ஒரு காபி நேரம் ஆறவிட்டோம்.
காபியை அவன் குடிக்கவில்லை,
கோப்பையில் கை காய்ந்தான்.

திரும்பவும் சாவி. அதே நடுக்கம்.
ஆனால் இப்போது
இரண்டாவது குழாய் நூற்றைத் தொட்டது,
மூன்றாவது படுத்துக்கொண்டது.

"இதுதான்," என்று
விரல் நீளக் கறுப்புக் காயிலை
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
ஓரத்தில் மயிரிழை வெடிப்பு.
"தலை?"
"தலை அங்கேயே இருக்கட்டும்."

அவன் உடனே சிரிக்கவில்லை.
கயிற்றை அவிழ்த்தான், சுருட்டினான்,
மறுபடி அவிழ்த்துச் சுருட்டினான்.
பிறகுதான் நெற்றியைக் காட்டி,
"என்னையும் ஒரு தடவை பார்," என்றான்.
இருபத்தாறு.
"செத்துப்போய் ரெண்டு நாள் ஆச்சு,
ஆனா பாக்கி இருக்கு," என்றேன்.

பாதிப் பணம் தந்தான்.
மீதி சனிக்கிழமை என்று
கதவில் சாக்பீஸால் எழுதினேன்,
முந்தைய சனிக்கிழமைகளின் கீழே.

வண்டி நான்கு காலிலும் நடந்து போன பிறகு
ஏனோ கருவியை மேலே தூக்கி
வானத்தைப் பார்த்து விசையை அழுத்தினேன்.
மேகமில்லை. இன்னும் இரண்டு நட்சத்திரம் மிச்சம்.
மைனஸ் நாற்பத்தேழு,
அப்புறம் வெறும் கோடுகள்.

சில விநாடிகளில்
தானே அணைந்துகொண்டது,
அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.